சியாமளா பேரில் ஒரு கட்டில்

— என்னைப் பார்த்துப் பேசு சியாமளா. உனக்கு உடம்புக்கு என்ன?

— எனக்கு ஒண்ணும் இல்லைங்க. முதல்ல பூட்ஸைக் கழட்டுங்க. காதெல்லாம் செவந்து கிடக்கு. இந்தக் கனடாக் குளிர்ல தொப்பி போட்டுக்காமலா வந்தீங்க?

— தொப்பி ஆபீஸ்லயே இருக்கு. கோட்டுக்கு பட்டன்கூடப் போடல. வார்டன் ரயில் ஸ்டேஷன்ல பஸ்ஸுக்கு நிக்கப் பொறுமை இல்லாம டாக்சி பிடிச்சு வந்தேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆபீசுக்குப் போன். ஒரு பொண்ணு பேசறா. ‘மிஸ்டர் மோகனசுந்தரம், உங்க மனைவி சியாமளா இன்னைக்கு ஆபரேஷனுக்காக அட்மிட் ஆனாங்க, இப்ப கட்டில்ல காணோம், வீட்டுக்கு வந்துட்டாங்களா’ன்னு கேக்கறா. என் மனைவிக்கு ஆபரேஷன்னே எனக்குத் தெரியாதும்மான்னு சொல்ல முடியுமா? பக்கத்து மேஜையில எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்காங்க. போனைப் பிடிச்சுக்கிட்டு சும்மா தலையை ஆட்டினேன்.

— உக்காருங்க. மூச்சு வாங்குது உங்களுக்கு.

— உக்காரல. புத்துநோயா? வழியெல்லாம் அதைத்தான் நினைச்சுக்கிட்டு வந்தேன். எனக்குத் தெரியாம மறைச்சு வச்சிருக்கேன்னா வேற என்னவா இருக்கும்?

— சத்தியமா எனக்கு ஒரு வியாதியும் இல்ல. ஆபரேஷன் எனக்கு இல்லைங்க.

— உன் பேர்லதானே கட்டில்?

— பேரு என்னோடது. உடம்பு அண்ணியோடது.

— எந்த அண்ணி?

— எனக்கு எத்தனை அண்ணி இருக்காங்க? உங்க அக்காதான். உள்ள ரூம்ல படுத்திருக்காங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.

— அகிலாக்காவுக்கா? அவளுக்கு என்ன? நேத்து என்கூட உக்காந்து நல்லாத்தானே சாப்பிட்டா.

— உக்காந்து சாப்பிடல. நீங்க உக்காந்தீங்க, அவங்க அடுப்பு மேடையில சாஞ்சு நின்னுக்கிட்டே சாப்பிட்டாங்க. கார்த்திகை மாசம் வந்து இறங்கினாங்க, இப்ப பொங்கலும் போயாச்சு. இத்தனை நாள்ல அவங்க ஒரு நாற்காலியில நிமிர்ந்து உக்காந்து பார்த்திருக்கீங்களா?

— ஊர்ப் பழக்கம்னு நினைச்சேன்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா கிழிஞ்ச வேட்டித் துணியை அலசி அலசி, யாருக்கும் தெரியாம ரேடியேட்டருக்குப் பின்னால காயப் போடறாங்க. கேட்டா கரித்துணின்னாங்க. இந்த வீட்டுல கரித்துணிக்கு ஏது வேலை?

— சுத்தி வளைக்காதே சியாமளா.

— சுத்தி வளைக்காம உங்ககிட்ட எப்படிச் சொல்றது? தம்பிகிட்ட சொல்ற வியாதியா அது? ‘அவன் காதுக்குப் போச்சுன்னா அடுத்த பிளேன்ல ஏறிடுவேன்’னு சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் என்கிட்டயே வாயைத் திறந்தாங்க. கர்ப்பப்பை இறங்கிடுச்சுங்க. உங்க ஊர்ல அடி இறங்கறதுன்னு சொல்வாங்களாமே, அதுதான். நின்னா, நடந்தா, வெளியில வந்துடுது. துணியைச் சுருட்டி அடைகுடுத்து இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் நடவு நடறாங்க. கட்டுத் தூக்கறாங்க. அதோடதான் பிளேன் ஏறி வந்திருக்காங்க.

— எப்பலேர்ந்து?

— சின்னவன் பொறந்ததுலேர்ந்து. பிரசவமாகிப் பத்து நாள்கூட ஆகலையாம். களத்துல நெல்லு கிடந்திருக்கு. மழை பிடிச்சுக்கிச்சு. உங்க அத்தான் அப்பவே இருமிக்கிட்டுப் படுக்கையில. யாரையும் கூப்பிட நேரமில்லாம மூட்டையை எல்லாம் இவங்களே தூக்கி உள்ள அடுக்கியிருக்காங்க. கடைசி மூட்டையைத் தலைக்கு ஏத்தறப்போ உள்ளுக்குள்ள ஏதோ நழுவினது தெரிஞ்சுதாம். நெல்லு தப்பிச்சுது.

— சின்னவனுக்கு ஒன்பது வயசு முடியப் போகுது.

— ஆமாம்.

— அத்தான் போனதுக்கு அப்புறமும் இதோடயா வயலைப் பார்த்துக்கிட்டா? ‘நாங்க சுகம், நீ உடம்பைப் பார்த்துக்கோ’ன்னு எழுதுவாளே. திடீர்னு உன்கிட்ட மட்டும் எப்படிச் சொன்னா?

— ஊருக்கு வெளியே ரூஜ் பக்கம் ஒரு பண்ணையில முட்டை வாங்கப் போனோமே, நீங்க கார்லயே உக்காந்துட்டீங்க, அன்னைக்கு ஆரம்பிச்சது. அந்தப் பண்ணைக்காரம்மா விந்தி விந்தி நடந்து வந்தாங்க. அண்ணி, காலுக்கு என்னன்னு கேளுன்னாங்க. கேட்டேன். வைக்கோல் பரண்ல ஏணியிலேர்ந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சுடுச்சாம், ஆஸ்பத்திரியில வச்சு உள்ள இரும்பு போட்டு அனுப்பினாங்களாம். காசு யாரு குடுத்தான்னு அண்ணி கேட்டாங்க. அரசாங்கக் கார்டு இருக்கேன்னாங்க அந்தம்மா. புருஷன் இல்ல, தனியாத்தான் பண்ணையைப் பார்க்கறாங்க. மாசாமாசம் ஏதோ கட்டறாங்க, வருமானம் குறைஞ்ச வருஷத்துல அரசாங்கமே ஒரு பங்கைக் கட்டிடுதாம். மறுநாள் வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டாங்க, ‘ஏன் சாமளா, அவளும் காட்டு வேலை செய்யறவதானே?’ ஆமாம் அண்ணின்னேன். உடனே அழ ஆரம்பிச்சுட்டாங்க. வெங்காயம்னு நினைச்சேன்.

— உடனே உன் கார்டை எடுத்துக் குடுத்துட்டியா?

— அவங்க கேக்கல. நானும் உடனே குடுக்கல. முதல்ல நேர்வழியாத்தான் விசாரிச்சேன். ஊருக்கு வந்துட்டுப் போறவங்களுக்குக் கார்டு கிடையாது, கட்டில், டாக்டர், மயக்க மருந்து எல்லாமே கைக்காசுன்னுட்டாங்க. அவங்க சொன்ன தொகையைக் கேட்டு நான் போனை வச்சுட்டேன். கார்டுல போட்டோ இல்ல. எங்களுக்குள்ள அஞ்சு வயசுதான் வித்தியாசம். புடவை கட்டி, பொட்டு வச்சு, ரெண்டு பேரும் பக்கத்துல நின்னா இங்க இருக்கறவங்களுக்கு யாரு எவங்கன்னு எங்க தெரியுது?

— நான் என்ன வேலை பார்க்கறேன்னு உனக்குத் தெரியுமில்ல?

— தெரியும்.

— இன்சூரன்ஸ் கம்பெனி. எந்த வயசுல யாருக்கு என்ன வரும்னு கணக்குப் போட்டு பிரீமியம் நிர்ணயிக்கற வேலை. தப்பான வயசு போட்ட ஒரு பாலிசியைக் கண்டும் காணாம விட்டான்னு ஒருத்தனைப் போன வருஷம் அன்னைக்கே வெளியே அனுப்பினாங்க. என் வீட்டுல, என் பெண்டாட்டி கார்டுல, வேற ஒருத்தருக்கு ஆபரேஷன். இதுக்கு மோசடின்னு பேரு. வேலை மட்டுமா போகும்? நம்மளை இந்த நாட்டுலயே வச்சிருப்பாங்களா?

— அதனாலதான் உங்ககிட்ட சொல்லல. தெரியாம இருந்தா தப்பு என்னோட போகும்னு நினைச்சேன்.

— போன் எனக்குத்தானே வந்துது.

— அதை நான் யோசிக்கல. கேளுங்களேன், ரெண்டு வாரமா சமையல்கட்டுல பாடம் நடத்தினேன். உங்க பேரு என்னன்னு கேப்பேன். சாமளாம்பாங்க. சியாமளான்னு சொல்லுங்கன்னா, சிய்யாமளாம்பாங்க. என் பிறந்த தேதி, என் அப்பா பேரு, இந்த வீட்டு நம்பர் எல்லாம் உருப்போட்டாங்க. நான் அகிலாண்டேஸ்வரி, ஊர்லேர்ந்து வந்த நாத்தனார், கூட வந்து மொழிபெயர்க்கறவ. இங்க நம்மளை யாருக்கும் தெரியாத ஆஸ்பத்திரியாப் பார்த்துப் போனோம். ஒரு டாக்டரம்மா, வயசானவங்க, அண்ணியைச் சோதிச்சுப் பார்த்துட்டு ரொம்ப நேரம் என்னையே பார்த்தாங்க. ‘இவ்வளவு நாள் இதோட எப்படி இருந்தா’ன்னு கேட்டாங்க. பிள்ளைகள் எங்கன்னு கேட்டதுக்கு, ஊர்ல இருக்காங்கன்னு சியாமளா பேர்ல பொய் சொன்னேன். அண்ணிக்கு அது பொய்யும் இல்ல.

— என்ன ஆபரேஷன்?

— கர்ப்பப்பையை எடுத்துடறது. இவ்வளவு தூரம் ஆனதுக்கு அதுதான் வழின்னுட்டாங்க.

— உன் பேர்ல. இந்த ஊர் ஆஸ்பத்திரி ஃபைல்ல, சியாமளா மோகனசுந்தரத்துக்குக் கர்ப்பப்பையை எடுத்தாச்சுன்னு எழுதியிருப்பாங்க.

— எழுதிட்டுப் போகட்டுமே. எனக்கு அது இருந்து கல்யாணமான இந்த ஆறு வருஷத்துல என்ன பண்ணிச்சு?

— அப்படிப் பேசாதே.

— பேசலைங்க. நீங்க கேட்டீங்க, சொன்னேன்.

— போன் அடிக்குது.

— எடுக்காதீங்க.

— எடுக்கலைன்னா திரும்ப ஆபீசுக்குத்தான் போடுவாங்க. தள்ளு. ஹலோ. ஆமாம், நான்தான். ஆமாம், வீட்டுக்கு வந்துட்டாங்க. பத்திரமா இருக்காங்க. இல்ல, மனசு மாறிட்டாங்க. பயந்துட்டாங்கன்னு வச்சுக்கோங்களேன். சரி. அப்படியா? டாக்டரே எழுதிட்டாங்களா? ரொம்ப நன்றி. மன்னிச்சுக்கோங்க.

— என்னவாம்?

— கட்டிலை வேற ஆளுக்குக் குடுக்கலாமான்னு கேக்கறாங்க. ‘நோயாளிக்குச் சம்மதமில்லை, ஆபரேஷன் நடக்கவில்லை’ன்னு டாக்டர் எழுதிட்டாங்களாம். அவ்வளவுதானாம். சியாமளா, உன்னைக் கேக்கறேன். அங்க என்னதான் நடந்துது?

— எல்லாம் சரியாத்தான் போச்சு. நீங்க ஆபீசுக்குக் கிளம்பினதும் நாங்களும் கிளம்பிட்டோம். கட்டில் குடுத்தாங்க. அவங்க கவுனை மாட்டிவிட்டாங்க. கையில என் பேர் எழுதின பட்டையைக் கட்டினாங்க. அண்ணி அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு நர்சு உக்காந்து ஒவ்வொரு கேள்வியாக் கேட்டு எழுதினா. நான் தமிழ்ல சொல்ல, அண்ணி பதில் சொல்ல, நான் இங்கிலீஷ்ல சொல்ல, இப்படியே போயிட்டிருந்துது. நர்சு அந்தப் பக்கம் திரும்பின உடனே அண்ணி கட்டிலை விட்டு இறங்கிட்டாங்க. ‘எழுந்திரு சாமளா, போவலாம்’னாங்க. ஏன் அண்ணின்னு நான் கேக்கக் கேக்க, கவுனுக்கு மேல கோட்டை மாட்டிக்கிட்டுத் தாழ்வாரத்துல நடக்கறாங்க. நான் புடவையைச் சுருட்டிக்கிட்டுப் பின்னால ஓடறேன். லிஃப்ட் திறந்தா அந்த டாக்டரம்மா நிக்கறாங்க.

— ஐயோ.

— எங்க போறீங்கன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அண்ணி தன் நெஞ்சுல கையை வச்சு, ‘நோ சாமளா. அகிலாண்டம்’னாங்க. என்னைக் காட்டி ‘திஸ் சாமளா’ன்னாங்க. அந்தம்மா எங்களை ஒரு ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்தினாங்க. போலீஸைத்தான் கூப்பிடப் போறாங்கன்னு நினைச்சேன்.

— கூப்பிடலையே?

— கூப்பிடல. ஆனா என்னைத் திட்டின திட்டு இருக்கே, என் அம்மாகூட அப்படித் திட்டினது இல்ல. சட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்லைங்க. ரத்தத்தைப் பத்தி. ‘அறுக்கும்போது ரத்தம் போயி, உன் பழைய சீட்டைப் பார்த்து உன் வகை ரத்தத்தை அவளுக்கு ஏத்தியிருந்தா? நாளைக்கு உனக்கு அடிபட்டு, அவ வகையை உனக்கு ஏத்தினா? ஒருத்தியைக் காப்பாத்தறதா நினைச்சுக்கிட்டு ரெண்டு பேரைக் கொல்லப் பார்த்தே’ன்னாங்க. எனக்கு அது தோணவே இல்ல. கார்டு, பேரு, தேதி, இதையேதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் அலமாரியைத் திறந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்தாங்க.

— வளையமா?

— உள்ள வச்சா பையைக் கீழே வராமத் தாங்கிக்குமாம். குணமாகாது, தாங்கும். அண்ணிக்கு அளவு பார்த்து வச்சுவிட்டு, எப்படி எடுக்கறது, கழுவறது, திரும்ப வைக்கறதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. மாத்தி வச்சுக்க இன்னொரு வளையமும் கையில குடுத்தாங்க. கார்டு கேக்கல, காசும் கேக்கல. ‘இதை நான் எங்கயும் எழுதப் போறதில்ல, நீங்க ரெண்டு பேரும் இங்க திரும்பி வராதீங்க’ன்னாங்க.

— தம்பி வந்துட்டானா சாமளா? காப்பித் தண்ணி குடுத்தியா அவனுக்கு?

— அக்கா, நீ ஏன் எழுந்து வந்தே? படுத்துக்க.

— படுத்தது போதும். மொகத்தைத் தூக்குடா. தரையைப் பாத்துக்கிட்டு நிக்காத. சொல்லிட்டியா சாமளா எல்லாத்தையும்?

— சொல்லிட்டேன் அண்ணி. சத்தியத்தை மீறிட்டேன். ஆபீசுக்கே போன் வந்துடுச்சு.

— அதச் சொல்லு. சரி வுடு. இனிமே என்ன வெக்கம். இங்க பாரு தம்பி, ஒக்காந்துட்டேன். நாற்காலியில ஒக்காந்துட்டேன். ஒம்போது வருசத்துக்கப்பறம் முதுகு சாச்சு ஒக்காந்திருக்கேன். அந்த மவராசி நல்லா இருக்கட்டும்.

— ஏன்க்கா என்கிட்ட ஒரு வரி எழுதல?

— என்னான்னு எழுதுவேன்? கடுதாசிய எழுதறவன் வாத்தியாரு. நான் சொல்லச் சொல்ல அவரு எழுதணும். இத அவருகிட்ட எப்படிடா சொல்லுவேன்?

— ஊர்ல பெரியாஸ்பத்திரிக்காவது போயிருக்கலாமே. அங்க காசு கிடையாதே.

— போவலன்னு நீ கண்டியா? போனேன். படுக்க வைக்கறேன்னாங்க. கூட ஒரு பொம்பள வேணும்னாங்க, ரத்தம் குடுக்க ரெண்டு ஆளு வேணும்னாங்க, மூணு மாசத்துக்குக் குடத்தக்கூடத் தூக்கக் கூடாதுன்னாங்க. புள்ளைவள யாரு பாக்கறது? நாத்து காஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சு. நடவு முடியட்டும்னு வந்தேன். அப்பறம் களையெடுப்பு, அப்பறம் அறுப்பு. இப்படியே ஒம்போது வருசம். இந்த வருசந்தான் பெரியவன் தலையெடுத்தான், வயல அவங்கிட்ட வுட்டுட்டு இங்க வந்தேன். கட்டிலுக்குக் காசில்லாம நான் திரும்பலடா. கட்டில்ல படுத்தா வயலு படுத்துப் போவும்.

— எவ்வளவு ஆனாலும் நான் கட்டறேன். உன் பேர்லயே, நேர்வழியில பண்ணிடலாம். வேற டாக்டரைப் பார்ப்போம். சேர்த்து வச்சதெல்லாம் எதுக்கு?

— வாணாம்.

— ஏன் வேண்டாம்?

— நீ ஒருத்திக்குக் கட்டுவே. எங்கத் தெருவுல மட்டும் என்னிய மாதிரி நாலு பேரு துணியக் கட்டிக்கிட்டு நடவு நடறாளுவ. அவளுவளுக்கு அமெரிக்காவுலயா தம்பி இருக்கான்?

— இது கனடாக்கா.

— எதாயிருந்தா என்ன. இன்னொண்ணு கேளு. போன வருசம் சொசைட்டியில எனக்கு ஒரு கறவை மாடு குடுத்தாங்க. குடுத்த அன்னைக்கே டாக்டரு வந்தாரு. பல்லப் பாத்தாரு, மடியப் பாத்தாரு, காதுல ஒரு வில்லைய அடிச்சாரு. இன்சூரன்சும்மா, மாடு செத்தா பணம் வரும்னாரு. நான் அடிவயித்தப் புடிச்சிக்கிட்டுக் கயித்தப் புடிச்சிருந்தேன். ஏன்ம்மா கோணிக்கிட்டு நிக்கறேன்னு ஒருத்தன் கேக்கல. மாட்டுக்குப் பாலு வத்துனா யாருக்கு நட்டம்னு அவுங்களுக்குத் தெரியுது. எனக்கு வத்துனா யாருக்கு நட்டம்னு எவனும் கணக்குப் பாக்கல.

— அங்க அப்படி ஒரு இன்சூரன்ஸ் கிடையாதுக்கா, விவசாயம் பண்ற பொம்பளைங்களுக்குன்னு.

— இல்லன்னு எனக்குத் தெரியாதா? இருந்தா என்ன ஆவும்னு கேக்கறேன். நீதானே அந்தக் கணக்குப் போடறவன்.

— தனித்தனியா வந்தா யாராலயும் கட்ட முடியாது. காட்டு வேலைன்னா ஆபத்து கூட, பிரசவம் வேற இருக்கு. தொகை ஏறிடும். நிறையப் பேர் ஒண்ணாச் சேரணும். நோவு வந்தவங்க மட்டும் சேர்ந்தாப் போதாது, திடமா இருக்கறவங்களும் சேரணும். சுத்துப்பட்டு ஊரெல்லாம் சேர்ந்து, ஒரு ஆஸ்பத்திரியோட முன்னாலயே பேசி வச்சுக்கிட்டா, அறுப்புக்கு ஆளுக்கு ஒரு மரக்கால் நெல்லுல நடத்திடலாம்.

— ஒரு மரக்காலா? களத்துல எலி திங்கறதே அதுக்கு மேல இருக்குமேடா.

— குத்துமதிப்பாத்தான் சொல்றேன்.

— படுத்துக் கெடக்கற மூணு மாசத்துக்கு வயலுக்கு ஆளு வெக்கணும். அதயும் சேத்துச் சொல்லு.

— அது எந்த இன்சூரன்ஸ்லயும் இல்லக்கா. எங்க ஆபீஸ்ல சொன்னா சிரிப்பாங்க.

— சிரிக்கட்டும். அது இல்லன்னா கட்டிலு சும்மா கெடந்தாலும் எவளும் போய்ப் படுக்க மாட்டா. நீ போட்டுக் குடு. ரெண்டு மரக்காலா ஆனாலும் ஆவட்டும். அறுப்பு முடிஞ்சதும் சொசைட்டிக்காரன் வருவான். மாட்டுக்கு எழுதற கையால எங்களுக்கும் எழுதுய்யான்னு அவன் வாசல்ல போயி நிக்கப் போறேன். அவன் துரத்துனா அவனுக்கு மேல இருக்கறவன். இனிமே நிக்கறதுக்கு வலிக்காது.

— போடறேன்க்கா. சத்தியமாப் போட்டுத் தரேன். ஆனா இப்ப ஒண்ணு மட்டும் எனக்குச் சொல்லு. கட்டில் வரைக்கும் போயிட்டே. கவுனை மாட்டிக்கிட்டே. இன்னும் ஒரு நாள் பல்லைக் கடிச்சிருந்தா இந்த வேதனை உனக்கு மொத்தமாப் போயிருக்கும். எனக்கும் தெரிஞ்சிருக்காது. ஏன் எழுந்தே? கத்திக்குப் பயந்துட்டியா?

— கருக்கருவாள்ல வெரலு துண்டாப் போயும் அறுப்ப முடிச்சிட்டு வந்தவடா நான்.

— அப்ப அடுத்தவ பேர்ல பண்ணிக்கறது மனசுக்குப் பிடிக்கலையா?

— அதுவும் இல்ல. சாமளா பேரு எனக்குப் புடிச்சுத்தான் இருந்துச்சு.

— நானும் டாக்சியில கேட்டுட்டேங்க. வீடு வர்ற வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. எனக்குக் கோபம்கூட வந்துது. இவ்வளவு துணிஞ்சு நான் ஏற்பாடு பண்ணேன், கடைசி நிமிஷத்துல இப்படிப் பண்ணிட்டீங்களே அண்ணின்னு.

— அங்கயே சொல்லியிருந்தா நீ என்னியத் திரும்பக் கட்டில்ல தள்ளியிருப்பே. அதெல்லாம் ஒண்ணும் இருக்காது அண்ணி, படுங்கம்பே.

— எதெல்லாம் இருக்காதுக்கா?

— அந்த நர்சுப் பொண்ணு கேள்வியாக் கேட்டுக்கிட்டு வந்துச்சில்ல. கடைசிக் கேள்விய இவ உங்கிட்ட சொல்லலடா. கடைசியாத் தலைக்குக் குளிச்சது எப்பன்னு கேட்டுச்சு. சமையக்கட்டுப் பாடத்துல அது இல்ல. இவ எங்கிட்டக் கேக்கணும், கேக்கல. சாமளாவுக்கு எப்பன்னுதானே கேள்வி, இவ தன்னோடதயே யோசிச்சிட்டா. வெரல மடக்குனா. நடுவுல நிறுத்துனா. மறுபடியும் மொதல்லேர்ந்து மடக்குனா. அப்பறம் ஏதோ ஒரு தேதிய வாய்க்கு வந்தபடி சொல்லிட்டு, செவுத்தப் பாத்துக்கிட்டு நின்னா. பாசை புரியாட்டியும் என்னா கேள்வின்னு அதுலயே எனக்குப் புரிஞ்சுபோச்சு.

— அண்ணி, போதும். இன்னும் எதுவும் நிச்சயம் இல்ல.

— சியாமளா, என்ன சொல்றா அக்கா?

— எனக்குத் தள்ளிப் போறது புதுசு இல்லைங்க. முதல் வருஷம் ஒரு தடவை உங்ககிட்டச் சொன்னேன், நீங்க சாயங்காலமே தொட்டில் பார்த்துட்டு வந்துட்டீங்க. அந்த வாரமே ஒண்ணும் இல்லைன்னு ஆச்சு. அன்னைலேர்ந்து உங்ககிட்டச் சொல்றதை விட்டுட்டேன்.

— இப்ப எவ்வளவு நாள் ஆச்சு?

— ரெண்டு மாசம் ஆகப் போகுது. அண்ணிக்குப் பாடம் சொல்லிக் குடுத்த பரபரப்புல என்னை நானே கவனிக்கல. அந்தக் கட்டில் பக்கத்துல நின்னப்பதான் எனக்கே தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லலைங்க. சொன்னா அண்ணிக்கு ஆபரேஷன் நின்னுடும். இதுவும் பொய்யாப் போயிட்டா அவங்களுக்கு ஆபரேஷனும் இல்ல, நமக்குப் பிள்ளையும் இல்லைன்னு ஆயிடுமே.

— பாத்தியாடா இவ கணக்க? நெசமா இருக்கட்டும், பொய்யாப் போவட்டும், அது சாமி பாடு. ஆனா இன்னைக்கு நான் அந்தக் கட்டில்ல படுத்திருந்தா, சாமளாவுக்குக் கர்ப்பப்பையே கெடயாதுன்னுல்ல இந்த ஊரு எழுதி வச்சிருக்கும். அப்பறம் ஆவணியில உம் புள்ள யாரு வயித்துலேர்ந்துடா வந்து பொறக்கும்?